கீது என்றால்தான் கால் நகரும்

செம்பாக்கம் பச்சையம்மா குனிந்தால்தான் பாடுவாள். நிமிர்ந்தால் பாட்டு நின்றுவிடும். அவள் உடம்பு வாகு அப்படி. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நடந்ததைத்தானே சொல்ல முடியும்?

ஏரிக்குக் கீழே கழனியில் நடவு என்றால் பதினாலு பெண்கள் வரிசையாகக் குனிவார்கள். இடது கையில் நாற்று முடி, வலது கை சேற்றில். முதல் அடியைப் பச்சையம்மா எடுப்பாள். அடியின் கடைசிச் சொல்லை அவள் நாத்தனார் அஞ்சம்மாள் பிடித்துத் திருப்பிக் கொடுப்பாள். மற்றப் பெண்கள் அதன்மேல் விழுவார்கள்.

ஏரி ரொம்பிக் கீது, அக்கா
மதகு தொறந்து கீது
நாத்து முடிஞ்சு கீது, நம்ம
கையி காத்துகினு கீது

நடவு நடுகிறவள் முன்னால் போகமாட்டாள், பின்னால்தான் போவாள். 'கீ' என்று இழுக்கும்போது சேற்றில் புதைந்த கால் பிடுங்கிக்கொண்டு பின்னால் போகும். 'து' என்று முடிக்கும்போது நாற்று மண்ணில் இறங்கும். பதினாலு பேருக்கும் ஒரே மூச்சு, ஒரே கால். தூரத்திலிருந்து பார்த்தால் பதினாலு முதுகு உள்ள ஒரே ஆள் நகர்ந்துபோவது மாதிரி இருக்கும்.

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. புருஷன் தசரதன் தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவன். கூட வேலை செய்கிறவர்களிடம் மட்டும், "எல்லாரும் வூட்டுக்கு ரேடியோ வாங்கினு போறானுங்க, நான் கட்டிகினு வந்துட்டேன்" என்பான்.

எண்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம். அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை. மைக் செட் போட்டிருந்தவன் ரவி. காலையிலிருந்து ஒரே கேசட்டை ஓடவிட்டுக்கொண்டிருந்தான். பத்து மணிக்கு அவனுடைய பெட்டி கேசட்டைக் கடித்துத் தின்றுவிட்டது. டேப்பைக் குடல் மாதிரி வெளியே இழுத்துப்போட்டுக்கொண்டு அவன் முழிக்க, ஊர்ப் பெரியவர்கள் திட்ட, அந்தப் பக்கம் பச்சையம்மா அண்டாவுக்குமேல் குனிந்து கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். குனிந்தாள் அல்லவா? பாட்டு வந்துவிட்டது. ரவி ஓடிப்போய் மைக்கை அவள் வாயருகே நீட்டினான். "நிறுத்தாத அக்கா, உனக்குப் புண்ணியமாப் போவும்!"

ஏரிக்கரை முழுக்க நாலு குழாய் ஸ்பீக்கரில் பச்சையம்மா குரல். கரைமேல் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒருவர் அசையாமல் நின்றார். குரோம்பேட்டைக் கஸ்தூரிரங்கன். மனை பார்க்க வந்தவர். பெண்டாட்டி பேரில் வேதா கேசட் என்று ஒரு சின்னக் கம்பெனி நடத்தினார். அதுவரை சுலோகமும் சுப்ரபாதமும்தான் போட்டுக்கொண்டிருந்தார். மனையை மறந்துவிட்டு நேராக அண்டாவண்டை வந்தார்.

"ஏம்மா, நீங்க எந்தப் பக்கம்? மதுரையா, திருநெல்வேலியா?"

"செம்பாக்கம் சார்."

"அது சரி. பூர்வீகம்?"

"பூர்வீகமும் செம்பாக்கந்தான்."

"அதுக்கு முன்னாடி எங்க இருந்தேள்?"

"அதுக்கு முன்னாடி எங்கம்மா வயித்துல இருந்தேன் சார்."

கூழ் வாங்க நின்றிருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. கஸ்தூரிரங்கனும் சிரித்தார். ஆனாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கிராமத்துப் பாட்டு என்றால் அது தெற்கேயிருந்துதான் வரவேண்டும் என்பது அவர் எண்ணம். எலக்ட்ரிக் ரயில் ஓடுகிற ஊரில் நடவுப் பாட்டா?

அந்த வாரமே குரோம்பேட்டையில் ஒரு அறையில் பதிவு. மைக்கைப் பார்த்துக்கொள்கிறவர் ஏசுதாசன், பொறுமைக்காரர். பச்சையம்மாவை நிற்கவைத்து, காதில் கருவியை மாட்டி, "பாடுங்கக்கா" என்றார். சத்தம் வரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், கல்கண்டு கொடுத்தார்கள். வந்த குரல் பக்கத்தில் நின்ற அஞ்சம்மாளுக்கே கேட்கவில்லை.

"அண்ணி, குனி" என்றாள் அஞ்சம்மாள்.

குனிந்தாள். அறை அதிர்ந்தது. ஏசுதாசன் துள்ளி எழுந்து மைக்கை முக்காலியில் கட்டினார். அதற்குள் பச்சையம்மா பாடிக்கொண்டே பின்னால் நடந்து மூன்றடி போய்விட்டாள். கடைசியில் அவர் மைக்கைக் கையில் பிடித்துக் குந்தியபடியே அவளைத் துரத்திக்கொண்டு போனார். சுவர் வந்ததும் அவள் திரும்பிக்கொள்வாள், அவரும் திரும்புவார். ஆறு பாட்டு முடிவதற்குள் மனிதர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆடிக்கு ஓடினால் போதும் என்றுதான் கஸ்தூரிரங்கன் அந்தக் கேசட்டைப் போட்டார். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, தீபாவளி வந்தது, பாட்டு நிற்கவில்லை! தாம்பரம் ஆட்டோ ஸ்டாண்டில் ஏரி ரொம்பிக் கீது. சேலையூர் டீக்கடையில் மதகு தொறந்து கீது. குரோம்பேட்டை ஜவுளிக் கடைக்காரர் கடை வாசலில் பெட்டி வைத்து அலறவிட்டார். கல்யாண வீட்டுக்காரர்கள், கட்சிக்காரர்கள், கோயில்காரர்கள் எல்லாரும் செம்பாக்கத்துக்கு வழி கேட்டு வந்தார்கள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "அக்கா, ஒரு வரி!" என்பார். "இன்னாத்துக்கு? நின்னுகினு பாட வராது, இங்க குனிஞ்சா பின்னாடி கீறவன் மேல முட்டும். டிக்கெட்டு குடுப்பா" என்பாள் பச்சையம்மா.

அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் பொய். நன்றாகப் பிடித்திருந்தது! கேசட் அட்டையில் தன் முகத்தைப் பார்த்து, ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். போட்டோ எடுத்தவர் பட்டுச் சேலை கட்டி இடுப்பில் பித்தளைக் குடத்தோடு நிற்கச் சொன்னபோது மட்டும், "கொடத்தத் தூக்கிகினு எவ பாடுவா? மூச்சு வாங்காது?" என்று கேட்டுவிட்டாள். அதனால் அட்டையில் நூல் சேலையோடு, கையில் ஒன்றுமில்லாமல், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள்.

நடவு வந்தால் நடவுக்குப் போனாள். கச்சேரி வந்தால் கச்சேரிக்குப் போனாள். இப்படி இரண்டு வருஷம்.

எண்பத்தொன்பது மார்கழியில் கஸ்தூரிரங்கன் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"பச்சையம்மா, இனிமே நாம செங்கல்பட்டோட நிக்கப் போறதில்லை. மதுரையில தேவானந்தம்னு ஒருத்தர். தெற்கு ஜில்லா பூரா கேசட் கடைகளுக்கு அவர்தான் சரக்கு குடுக்கறார். பொங்கலுக்கு மறுவாரம் காட்டாங்குளத்தூர் பக்கம் காலேஜ்ல ஃபங்ஷன், நீங்க பாடறேள், அவர் நேர்ல வந்து கேக்கறார். பிடிச்சுதுன்னா ரெண்டாவது கேசட் தமிழ்நாடு முழுக்க!"

"ராமேசுவரம் வரைக்கும் போவுமா சார்?"

"ராமேஸ்வரம், கன்னியாகுமரி, எல்லாம்!"

பச்சையம்மா போன அதிக தூரம் திருப்பதி. தன் குரல் கடல் முடிகிற இடம் வரைக்கும் போகும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அஞ்சம்மாளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள்.

"ஒரே ஒரு சின்ன விஷயம்" என்றார் கஸ்தூரிரங்கன். "இந்த 'கீது', 'கினு' எல்லாம் வேண்டாம். தெற்க இதைக் கேட்டா சினிமா காமெடின்னு நினைப்பா. ஒரு கவிஞர்கிட்டக் குடுத்து மண்வாசனையா மாத்தி வாங்கியிருக்கேன். மெட்டு உங்களோடதுதான். வார்த்தை மட்டும்."

காகிதத்தைப் படித்துக் காட்டினார். 'ஏரி ரொம்பிக் கீது' என்பது 'ஏரி நெறைஞ்சிருக்குதுங்க' ஆகியிருந்தது. அடிக்கு ஒரு 'ஏலே', இரண்டு அடிக்கு ஒரு 'ஆத்தா'.

"இவ்ளோதானே சார்? பாடிட்டாப் போவுது" என்றாள் பச்சையம்மா. ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன?

பொங்கலுக்கு ஐந்து நாள் முன்னால் நவரைப் பட்டத்துக்கு முதல் கழனி நடவு. பழகிக்கொள்ளலாம் என்று புதுப் பாட்டை அங்கே எடுத்தாள். "ஏரி நெறைஞ்சிருக்குதுங்க" என்று அவள் இழுக்க, காலைத் தூக்குவதா வைப்பதா என்று ஒருத்திக்கும் புரியவில்லை. நாலு பேர் தூக்கினார்கள், ஆறு பேர் நின்றார்கள், அஞ்சம்மாள் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா அண்ணி இது! இருக்குதுங்கன்னு நீ முடிக்கற வரைக்கும் ஒத்தக் கால்ல நிக்கறதுக்கு நான் இன்னா கொக்கா?"

"சரி, 'இருக்கு'ன்னு சுருக்கமா வெச்சுக்கலாம்."

"இருக்குன்னா அது அங்கயே இருக்கும். கீதுன்னாதான் காலு நவுரும்!"

வரிசை முழுக்கச் சிரித்தது, பச்சையம்மாவும் சிரித்தாள். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பாட்டை மாற்றினால் குரல் கன்னியாகுமரி வரைக்கும் போகும், ஆனால் சொந்த நாத்தனாரால் அதைப் பிடிக்க முடியாது. மாற்றாவிட்டால் கஸ்தூரிரங்கன் இத்தனை நாள் ஓடிய ஓட்டம் வீண். நல்ல மனிதர். அவர்தானே ஏரிக்கரையில் நின்று கேட்டவர்?

மறுநாள் குரோம்பேட்டைக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். "சார், அஞ்சம்மாளுக்கு அந்த வார்த்தை புடிக்க வரல. கால் சிக்குது."

"ஸ்டேஜ்ல யாரும்மா நாத்து நடப் போறா? ஒரு நாள், ஒரே ஒரு நாள். தேவானந்தம் எதிர்ல மாத்திப் பாடிடுங்கோ. அப்புறம் உங்க கழனியில நீங்க எப்படி வேணா பாடுங்கோ."

அவர் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்தபின் மறுக்க மனசு வரவில்லை. "பாக்கலாம் சார்" என்று வந்துவிட்டாள்.

காலேஜ் மைதானம். பொங்கலுக்கு மறுவாரம், சாயங்காலம் நாலு மணி. அடேயப்பா, எத்தனை பிள்ளைகள்! மரத்திலும் மதிலிலும் கூட உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் கஸ்தூரிரங்கன். அவருக்குப் பக்கத்தில் கட்டைமீசையும் வெள்ளைச் சட்டையுமாகத் தேவானந்தம். பச்சையம்மாவும் அஞ்சம்மாளும் மேடைக்குப் பக்கவாட்டில் நின்றார்கள்.

மைக்கில் ஒருவர் முழங்கினார். "இதோ, மதுரைச் சீமை தந்த மண்வாசனைக் குயில்!"

மைதானம் கை தட்டியது. இரண்டு பேரும் அசையவில்லை.

"யாருடி அது?" என்றாள் பச்சையம்மா.

"தெரியல அண்ணி. நமக்கு முன்னாடி வேற யாரோ பாடறாங்க போல கீது."

"மதுரைக்காரம்மாவா? நல்லா பாடுவாங்க. இந்தாண்ட வா, வயி வுடு."

இருவரும் ஒதுங்கி நின்று, வரப்போகிறவளுக்கு வழி விட்டார்கள். கை தட்டல் ஓய்ந்தது. மேடை காலியாகவே இருந்தது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தான். கஸ்தூரிரங்கன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "உங்களைத்தான்! உங்களைத்தான் சொல்றார்! போங்கோ!"

"எங்களயா? நாங்க எப்ப சார் மதுரை ஆனோம்?"

கேட்டு முடிப்பதற்குள் மேடைக்குத் தள்ளிவிட்டார்.

நின்றபடி, புது வார்த்தையில், முதல் அடியை எடுத்தாள். "ஏரி நெறைஞ்சிருக்குதுங்க…" குரல் நூல் மாதிரி வந்தது. அஞ்சம்மாள் பிடிப்பாள் என்று காத்திருந்தாள். அஞ்சம்மாளுக்குப் பிடிக்க எதுவுமில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். இரண்டாவது அடி. அதுவும் அப்படியே அந்தரத்தில் தொங்கியது. மரத்திலிருந்து ஒரு பையன், "அம்மா, வால்யூம் இல்லையா?" என்று கத்தினான். சிரிப்பு கிளம்பியது. முன் வரிசையில் தேவானந்தம் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

பச்சையம்மாவுக்குப் பயமா? இல்லை, கோபம். யார்மேல்? தன்மேல்தான். பதினைந்து வருஷமாகத் தன்னோடு குனிந்தவள் பக்கத்தில் ஊமையாக நிற்கிறாள், அப்படி நிற்கவைத்தது யார்? மைக்கைப் பிடித்து அருகே இழுத்தாள்.

"இருங்க பசங்களா. உங்களுக்குச் சொன்ன மதுரைக்காரம்மா நான் இல்ல. அவங்க வரவேயில்ல. நான் செம்பாக்கம். தாம்பரத்துக்கு அந்தாண்ட."

ரயிலில் தினம் வருகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள் போல. "தாம்பரம்!" என்று ஒரு மூலை எழுந்து கூவியது. பச்சையம்மா சேலையைத் தூக்கிச் செருகினாள், குனிந்தாள். மைக்செட்காரர் பதறி மைக்கை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார்.

"ஏரி ரொம்பிக் கீது!"

மைதானம் வெடித்துச் சிரித்தது. 'கீது'வைக் கேட்டதும் சிரிக்கத்தானே எல்லாருக்கும் பழக்கம்? சிரித்து முடிப்பதற்குள் அஞ்சம்மாள், பூட்டு திறந்த மாதிரி, "கீது!" என்று அடித்தாள். பச்சையம்மாவின் கால் பின்னால் போயிற்று. இரண்டாம் அடிக்குச் சிரிப்பு பாதி. மூன்றாம் அடிக்குக் கால் தட்டும் சத்தம். நாலாம் அடியில் அவள் 'கீ' என்று இழுத்ததும், யாரும் சொல்லாமலே, அந்த ஆயிரம் வாயும் 'து' என்று இறங்கியது! மதில்மேல் இருந்தவர்கள் குதித்து ஆடினார்கள். பச்சையம்மா பாடிக்கொண்டே பின்னால் போய், பின்னால் போய், மேடை முடிந்ததுகூடத் தெரியாமல் திரையோடு சாயப் போனாள். அஞ்சம்மாள் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அதற்கும் ஒரு கைதட்டல்.

இறங்கி வந்தபோது தேவானந்தம் கைகூப்பி நின்றார்.

"தாயி, பாட்டு பிச்சிருச்சு. மயிர் கூச்செறிஞ்சுபோச்சு எனக்கு. ஆனா உள்ளதைச் சொல்றேன், எங்க பக்கம் இது ஓடாது. கடைக்காரன் வாங்க மாட்டான்."

கஸ்தூரிரங்கன் விடவில்லை. "அந்த இன்னொரு மாதிரி, முதல்ல பாடினாளே, அதைக் கொஞ்சம் பழகினா…"

"அதை எங்கூர்ப் பொம்பளை ஒருத்தி பாடுனா நல்லாயிருக்கும். இவுக பாடுனா பல்செட்டு மாட்டுன மாதிரியில்ல இருக்கு?"

பச்சையம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணா, நல்லாச் சொன்னீங்க! அதான், அதான் எனக்கும் வாய்ல இன்னாவோ கழண்டுகினே இருந்திச்சு." ராமேசுவரம் போயிற்று, கன்னியாகுமரி போயிற்று. மனசின் ஓரத்தில் சுருக்கென்று குத்தியது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் அந்த மனிதர் முகத்துக்கு நேரே சொன்னாரே, அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

திரும்பும்போது காரில் கஸ்தூரிரங்கன் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு வந்தார். கூடுவாஞ்சேரி தாண்டியது, வண்டலூர் தாண்டியது.

"சார், கோவமா?"

"ஆமாம்."

"எவ்ளோ நாளைக்கு இருக்கும்?"

பெருங்களத்தூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்தில் வந்து நின்ற காலேஜ் பஸ்ஸில் பிள்ளைகள் ஜன்னலில் தட்டித் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள், அவளுடைய பாட்டுத்தான். வார்த்தை ஒன்று மாறவில்லை. கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கீழே இறக்கிக் கேட்டார். கேட் திறந்து, பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும் வரை கேட்டார்.

"நாளன்னிக்கு நடவு இருக்கோ?" என்றார்.

"கீது சார். சம்பத்து நாயக்கர் கழனி."

"ஏசுதாசனை வரச் சொல்றேன். அங்கயே ரெக்கார்ட் பண்ணிடலாம். பதினாலு பேரும் பாடட்டும். ரூம்ல வேண்டாம், அவருக்கு இன்னும் முட்டி வலி போகலை."

அஞ்சம்மாள் காருக்குள்ளேயே குலவை போட்டாள். டிரைவர் பயந்து பிரேக் அடித்தார்.

அந்த இரண்டாவது கேசட் பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் விற்றது. அதைத் தாண்டவில்லை, உண்மைதான். "நீ வேற மாதிரி பாடியிருந்தா எங்கேயோ போயிருப்பே" என்று பின்னால் சொன்னவர்கள் உண்டு. பல்லாவரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் எத்தனை வாய் பாடிற்று என்று அவர்கள் எண்ணிப் பார்த்தார்களா? அவர்கள் பேச்சு கிடக்கட்டும். கேசட் பதிவான அந்தக் காலையைச் சொல்ல வேண்டும்.

ஏசுதாசன் வரப்பில் குடை நட்டு, அதன்கீழே பேட்டரிப் பெட்டியை வைத்து, நாலு கழியில் நாலு மைக் கட்டினார். கஸ்தூரிரங்கன் அன்று பேண்ட் போட்டுக்கொண்டு வந்தவர், அதை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு வழக்கம் தெரியாது. நடவு நடக்கும்போது வரப்பில் சும்மா நிற்கிற ஆளை நடவுக்காரிகள் விடமாட்டார்கள், பாட்டுக்குள் இழுத்துவிடுவார்கள். அது யாராக இருந்தாலும் சரி, தாசில்தாராகவே இருந்தாலும் சரி.

வரப்பு மேல நிக்கிறாரு, அவரு
வாத்தியாரா யாருடி
பேண்டை மடிச்சுகினு கீறாரு, பாவம்
சேத்தைப் பாத்துகினு கீறாரு

"ஐயையோ, என்னைப் பத்தியா?" என்று கஸ்தூரிரங்கன் பதறினார். "ஏசுதாசன், கட் பண்ணுங்கோ! அதை எடுத்துடுங்கோ!"

"பேசாதீங்க சார், உங்க சத்தமும் சேர்ந்து விழுது" என்றார் ஏசுதாசன்.

செருப்பப் புடிச்சுகினு கீறாரு, அவரு
செத்த நேரம் எறங்குவாரா

பதினாலு குரலும் அவரைச் சுற்றி வளைத்தன. மனிதர் சிவந்தார், நெளிந்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். விமானப்படை விமானம் ஒன்று தலைக்குமேல் இரைந்துகொண்டு போயிற்று, பச்சையம்மா அதையும் ஒரு அடியில் இழுத்துப்போட்டாள். வரிசை பின்னால் நகர, நகர, பச்சை முன்னால் பரவிக்கொண்டே வந்தது.

ஏசுதாசன் திடீரென்று கையை ஆட்டினார். "அக்கா! கேசட் முடியப்போவுது! முடிச்சுக்கலாமா?"

"மாத்துய்யா, வேற போடு!" என்று கத்தியது கஸ்தூரிரங்கன்தான். செருப்பு கையிலிருந்து எப்போதோ விழுந்திருந்தது.

குனிந்த தலை நிமிராமல் பச்சையம்மா கூவினாள்.

"எங்க சார் முடிக்கறது? இன்னும் முக்காக் காணி கீது!"